மாடியில் வெந்நீர், சமையலறையில் பச்சைத் தண்ணீர்

போன மார்கழியில் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து வந்தேன். அம்மா சமையலறைத் தொட்டியில் இட்லித் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முடக்குவாதம் உள்ள கை. காலையில் விரல் மடங்கவே அவருக்கு அரை மணி நேரம் ஆகும். கணுக்கள் சிவந்து வீங்கியிருந்தன. தொட்டு அலசிக்கொண்டிருந்தது பச்சைத் தண்ணீரில்.

"சுடுதண்ணிக் குழாயைத் திறந்துக்கலாமேம்மா?"

"அது வர்றதுக்குள்ள ஒரு குடம் தண்ணி போயிருது கண்ணு. எதுக்கு வீணாக்கோணும்?"

மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் இருக்கிறது. வைத்துப் பத்து வருடம் ஆகிவிட்டது. அந்த நேரத்திலும் அதற்குள் தண்ணீர் 50 டிகிரிக்கு மேல் இருந்திருக்கும். இவ்வளவு காலமாக அம்மா அதைச் சமையலறையில் அநேகமாகப் பயன்படுத்தவே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. குழாய் இருக்கிறது, வெந்நீரும் இருக்கிறது, ஆனால் நடுவில் நிற்கும் ஒரு குடம் தண்ணீரைக் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. அந்த வாரமே இதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று இறங்கினேன்.

முதலில் விசாரித்த இரண்டு பேரும் இரண்டு தவறான வழி சொன்னார்கள். சோலார் சர்வீஸ் செய்ய வந்தவர், டேங்க் பத்தாது, 300 லிட்டராக மாற்றுங்கள் என்றார். பக்கத்துத் தெருவில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பிளம்பர், பைப்பைப் பெரிதாக்கினால் தண்ணீர் வேகமாக வரும் என்றார். கேட்கும்போது இரண்டும் நியாயமாகத்தான் படும். ஆனால் பைப் பெரிதானால் அதற்குள் ஆறிப்போய் நிற்கும் தண்ணீரும் கூடும். டேங்க்கைப் பெரிதாக்குவதால் வழியில் நிற்கும் தண்ணீர் ஒரு சொட்டும் குறையப்போவதில்லை.

சரி, எவ்வளவு தண்ணீர்தான் போகிறது என்று அளந்துவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை யாரும் குளிப்பதற்கு முன்னால் சிங்க்கில் ஒரு லிட்டர் மக்கை வைத்தேன். கையில் ஒரு சாதாரண சமையல் தெர்மாமீட்டர், போனில் ஸ்டாப்வாட்ச். ஒவ்வொரு மக்கும் நிரம்பியதும் வாளியில் ஊற்றிக்கொண்டே வந்தேன். 40 டிகிரியைத் தொடுவதற்குள் 13 லிட்டர், 3 நிமிடம் 20 விநாடி. இந்த இரண்டு எண்ணும்தான் பிறகு செய்த எல்லா வேலைக்கும் அடிப்படை. சுடுதண்ணீர் தாமதமாக வருகிறது என்று நினைக்கிற யாரும் காசு செலவழிக்கும் முன் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்துவிட வேண்டும். வெறும் நேரத்தை மட்டும் அளந்தால் போதாது. குழாய் முனையில் உள்ள வலையில் உப்பு அடைத்திருந்தாலும் நேரம் கூடும். அதைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டாலே பாதி சரியாகிவிடும். எத்தனை லிட்டர் என்று அளந்தால்தான் கோளாறு பைப்பிலா குழாயிலா என்று பிரிக்க முடியும்.

அப்புறம் அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். எங்கள் வீடு கோயம்புத்தூரில், கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம். அப்பா வாஸ்து பார்த்துக் கட்டியது. ஓவர்ஹெட் டேங்க் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில். சோலாரும் அதன் பக்கத்திலேயே. பாத்ரூம்கள் வாயு மூலையில், வடமேற்கில். சமையலறை அக்கினி மூலையில், தென்கிழக்கில். சோலார் வைத்தபோது பாத்ரூமுக்குத்தான் லைன் இழுத்தார்கள். சமையலறைக்கும் வேண்டுமே என்று பிறகு நினைவு வந்து, கீழ்த்தளப் பாத்ரூம் லைனின் கடைசியில் ஒரு டீ (பைப் கிளை பிரியும் இணைப்பு) போட்டு, வீட்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். கன்னி மூலையில் புறப்பட்ட வெந்நீர் வாயு மூலைக்குப் போய், கீழே இறங்கி, மறுபடி அக்கினி மூலைக்கு வர வேண்டும். அளந்தபோது முதல் 14 மீட்டர் ஒரு இஞ்ச் பைப், அடுத்த 12 மீட்டர் முக்கால் இஞ்ச்.

சூடு தாங்கும் சிபிவிசி பைப்பில், ஒரு மீட்டர் நீளத்துக்குள் ஏறக்குறைய இவ்வளவு தண்ணீர் நிற்கும்: அரை இஞ்ச் பைப்பில் 120 மில்லி, முக்கால் இஞ்ச்சில் 260 மில்லி, ஒரு இஞ்ச்சில் 430 மில்லி. ஒரு அளவு கூட்டினால் தண்ணீர் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. எங்கள் லைனுக்குக் கணக்குப் போட்டால் ஆறு லிட்டரும் மூன்று லிட்டரும் சேர்ந்து 9 லிட்டர். ஆனால் நான் அளந்தது 13. மிச்சம் 4 லிட்டர் எங்கே போனது? முன்னால் வருகிற வெந்நீர் பைப்பின் சுவரைச் சூடாக்குவதிலேயே தன் சூட்டை இழக்கிறது, ஆறின தண்ணீரோடு கலந்தும் போகிறது. அதனால் பைப் கொள்ளளவைப் போல ஒன்றரை மடங்கு போவது சாதாரணம்தான். இரண்டு மடங்குக்கு மேல் போனால் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் அந்த வேறு கோளாறும் இருந்தது. சில நாள் ஐந்து நிமிடம் திறந்து வைத்தாலும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறாது. அம்மா இதை முன்பே சொல்லியிருக்கிறார், நான்தான் காதில் வாங்கவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் எங்களுக்கு ரொம்ப நாளாக வேலை செய்து தரும் பிளம்பர் அண்ணன். வந்தவுடன் எதையும் கழற்றவில்லை. மாடியில் சோலாரிலிருந்து வெளியே வரும் வெந்நீர் கேட் வால்வை மூடினார். கீழே வந்து சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் திறந்தார். லைனில் மிச்சம் இருப்பது வடிந்து நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது.

"பாருங்க அக்கா, வால்வு மூடியாச்சு, ஆனா தண்ணி வருது. அப்ப இது சுடுதண்ணி இல்லீங்க. எங்கியோ பச்சைத் தண்ணி உள்ள பூந்து வருது."

மேல்மாடிப் பாத்ரூமுக்குப் போனார். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் சுவர் மிக்சரில் என் பையன் ஒரு ஹேண்ட் ஷவர் மாட்டியிருந்தான். அதில் விரலால் அமுக்கினால் தண்ணீர், விட்டால் நிற்கும். குளித்து முடித்ததும் விசையை விட்டுவிட்டுப் போய்விடுவான். மிக்சரில் சூடு, குளிர் இரண்டு திருகும் திறந்தபடியே இருக்கும். வெளியே போக வழியில்லை, உள்ளே இரண்டு லைனும் ஒன்றோடொன்று திறந்து கிடக்கிறது. கீழே குழாயைத் திறந்ததும் வெந்நீர் லைனில் அழுத்தம் குறைகிறது, பச்சைத் தண்ணீர் அதைவிட அழுத்தத்தோடு நிற்கிறது. அது மிக்சர் வழியாக வெந்நீர் லைனுக்குள் ஏறிவிடுகிறது. கீழே அம்மா குழாயைத் திறக்கும்போது மாடியிலிருந்து வெந்நீரும், பாத்ரூமிலிருந்து பச்சைத் தண்ணீரும் தானாகவே விளாவி வந்திருக்கிறது. அண்ணன் அந்த இரண்டு திருகையும் மூடினார். கீழே குழாயில் தண்ணீர் நூலாக இளைத்து நின்றது. இத்தனை நாள் தெரியாமல் இருந்தோமே என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது.

இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஹேண்ட் ஷவரை எடுத்துவிட்டுச் சாதாரண ஷவர் மாட்டினோம். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இரண்டு லைனும் கொடுத்திருக்கிறவர்களும், வெந்நீர் கலந்து வருகிற ஹெல்த் ஃபாசெட் வைத்திருக்கிறவர்களும் அந்த வால்வு சோதனையை ஒரு முறை செய்து பார்த்துவிடுவது நல்லது. என்ஆர்வி, அதாவது தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற வால்வு போட்டும் இதைத் தடுக்கலாம். ஆனால் மேல்மாடியில் சோலாருக்கும் ஷவருக்கும் உயர வித்தியாசம் குறைவு. ஸ்பிரிங் வைத்த என்ஆர்வி இருக்கிற கொஞ்ச அழுத்தத்தையும் தின்றுவிடும். அங்கே போடுவதானால் மடல் போல் திறக்கிற ஃபிளாப் வகை, அதுவும் நிறுத்த வேண்டிய நிலையில் சரியாக நிறுத்தி, என்று அண்ணன் சொன்னார்.

இனி சமையலறை. இதற்கு நான் யோசித்த வழிகள் மூன்று.

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் சொன்னது சுழற்சி பம்ப். அங்கே பல வீடுகளில் இருக்கிறதாம். பைப்பில் ஆறி நிற்கும் தண்ணீரை ஒரு சிறிய பம்ப் இழுத்து மறுபடி ஹீட்டருக்கே அனுப்பிவிடும். குழாயைத் திறந்ததும் சூடாக வரும், சொட்டும் வீணாகாது. திரும்பிப் போகத் தனி லைன் இல்லாத வீட்டில் பச்சைத் தண்ணீர் லைனையே திரும்பும் வழியாக வைத்துக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. கோவையில் பல வீடுகளைப் போல எங்களுக்கும் இரண்டு தண்ணீர்: சமையலறைப் பச்சைத் தண்ணீர்க் குழாயில் வருவது சிறுவாணிக் குடிநீர், சோலாருக்குப் போவது ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். அதைக் கொண்டுபோய்க் குடிக்கிற தண்ணீர் லைனில் விட முடியாது. தனி லைன் போட்டாலும், சோலார் என்பது பகலில் மட்டும் சூடாகிற டேங்க். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் அந்தச் சூட்டையெல்லாம் பைப் வழியாக இரவு முழுக்க வெளியே விட்டுவிடும். யாராவது வைப்பதானால், தேவைப்படும்போது பட்டனை அமுக்கினால் ஓரிரு நிமிடம் ஓடி நிற்கிற மாதிரி வைக்க வேண்டும். எப்போதும் ஓடுகிற பம்ப் மின்சார கீசருக்குமே நஷ்டம்தான்.

இரண்டாவது வழி, சிங்க்குக்குக் கீழேயோ மேலேயோ 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர். பெங்களூரில் என் சித்தி மகள் அடுக்குமாடி வீட்டில் அதைத்தான் வைத்திருக்கிறாள். வாடகை வீட்டுக்கும், சுவரை உடைக்க முடியாத இடத்துக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வாங்கும்போது ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். 3 கிலோவாட் ஹீட்டர் தண்ணீரை 20 டிகிரி ஏற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 2 லிட்டர்தான் தொடர்ந்து தர முடியும். முதல் 3 லிட்டர் சூடாக வரும், பிறகு குழாயை மெல்லத் திறந்து வைத்தால்தான் சூடு நிற்கும். பாத்திரம் அலச அது தாராளம். 16 ஆம்பியர் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் இல்லாமல் மாட்டவே கூடாது. நான் இதை வேண்டாம் என்று வைத்ததற்குக் காரணம் ஒன்றுதான். தலைக்கு மேலே வெயிலில் காய்ந்த 200 லிட்டர் வெந்நீர் சும்மா கிடக்க, அம்மாவுக்கு மட்டும் கரண்ட் எரிக்க மனசு கேட்கவில்லை.

செய்தது மூன்றாவது வழி. சோலார் வாயிலிலேயே ஒரு டீ போட்டு, அங்கிருந்து தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நேராக அக்கினி மூலை, அங்கிருந்து வெளிச்சுவரில் நேராகக் கீழே சமையலறை. மொத்தம் 15 மீட்டர். முழுக்க அரை இஞ்ச் பைப். கணக்குப்படி அதற்குள் நிற்பது 1.8 லிட்டர்தான். அரை இஞ்ச் போட்டால் தண்ணீர் நூல் மாதிரி வருமோ என்று எனக்குப் பயம். பிளம்பர் அண்ணன் உயரத்தைப் பார்க்கச் சொன்னார். சோலார் வாயிலுக்கும் கீழ்த்தள சிங்க் குழாய்க்கும் நடுவே ஆறரை மீட்டர் இறக்கம். ஒரே ஒரு குழாய்க்கு அது போதும். மேல்மாடி ஷவருக்கு அரை இஞ்ச் போட்டிருந்தால் நிச்சயம் தகராறு வந்திருக்கும். பைப்பை எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது என்பதை அந்த உயரம்தான் முடிவு செய்கிறது.

வேலை ஒரு நாள். பைப், ஃபிட்டிங், கூலி எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய் ஆயிற்று. பக்கத்தில் நின்று பார்த்ததில் கற்றுக்கொண்டது கொஞ்சம் உண்டு. சிபிவிசி பைப்புக்கு அதற்கென்றே உள்ள பசைதான் போட வேண்டும், சாதாரண பிவிசி பசை சூட்டில் விட்டுவிடும். ஒட்டிய அன்றே வெந்நீரைத் திறக்காமல் ஒரு நாள் காயவிட வேண்டும். பைப் சூட்டில் நீளும். எங்கள் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் 8 மீட்டர் நேர் ஓட்டம், 40 டிகிரி ஏறினால் 2 சென்டிமீட்டர் நீளும். கிளாம்பை இறுக்கிப் பிடித்துவிட்டால் எல்போவில், அதாவது பைப் திரும்புகிற இணைப்பில்தான் விரிசல் விடும். அதனால் கிளாம்புகளை பைப் நகரும்படி தளர்வாக வைத்து, மூலையில் கொஞ்சம் இடம் விட்டார். இன்னொன்று, பழைய சமையலறை லைனை வெறுமனே சிங்க் முனையில் அடைக்கவில்லை. பாத்ரூம் டீயிலேயே வெட்டி மூடினார். முனையில் மட்டும் அடைத்திருந்தால் 12 மீட்டர் தண்ணீர் எங்கும் போகாமல் உள்ளேயே தேங்கிக் கிடக்கும்.

ஒரு நாள் காய்ந்த பிறகு, அடுத்த விடியற்காலை அதே மக், அதே தெர்மாமீட்டர். 40 டிகிரிக்கு இரண்டரை லிட்டர், 38 விநாடி.

பிறகு பைப்புக்கு உறை போட்டோம். கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறை, 13 மில்லிமீட்டர் தடிமன். இதைப் பற்றிக் கடைகளில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இரவு முழுக்க நிற்கிற தண்ணீரை எந்த உறையும் காப்பாற்றாது, காலை முதல் குழாய்க்கு அதனால் பெரிய லாபமில்லை. அதன் பயன் இரண்டாவது தடவையில்தான். ஆறு மணிக்குப் பாத்திரம் அலசி, ஆறரைக்குக் காபி டம்ளர் அலச வரும்போது முன்பு மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும், இப்போது பைப்பில் நிற்பது இன்னும் கை பொறுக்கும் சூட்டில் இருக்கிறது. மெல்லிய பைப் சீக்கிரம் ஆறும் என்பதால் அரை இஞ்ச்சுக்கு உறை இன்னும் அவசியம். அந்த உறையை முதலில் மொட்டையாக விட்டுவிட்டோம், சித்திரை வெயிலில் மேல்புறம் உதிர ஆரம்பித்துவிட்டது. இப்போது அதன் மேல் அலுமினியம் டேப் சுற்றியிருக்கிறது. பைப்புக்கும் வெயில் படாமல் ஆயிற்று.

கீழ்த்தளப் பாத்ரூம் லைனை மாற்ற முடியவில்லை, டைல்ஸை உடைக்க வேண்டும். அதற்குப் பெரியம்மா வீட்டில் பார்த்த ஒரு வழியைச் செய்தோம். லைன் முடிகிற இடத்தில், வெளிச்சுவரில், முக்கால் இஞ்ச் வால்வு ஒன்று. அதிலிருந்து ஒரு பைப் எங்கள் உப்புத் தண்ணீர் சம்ப்புக்கு. காலையில் முதலில் குளிக்கப் போகிறவர் அதை முழுக்கத் திறந்துவிட்டுத் துண்டு எடுக்கப் போகலாம். ஷவரில் ஒன்றரை நிமிடம் எடுப்பது இதில் முக்கால் நிமிடம்தான், பெரிய வாய் என்பதால். ஆறின தண்ணீர் சம்ப்புக்கே திரும்பிவிடுகிறது. பம்ப் இல்லை, கரண்ட் இல்லை. பைப் முனை மட்டும் சம்ப்பின் நீர் மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும், முங்கினால் சம்ப்புத் தண்ணீர் லைனுக்குள் ஏற இடம் கொடுத்ததாகும். மூட மறந்தால் அன்றைக்கு வெந்நீர் மொத்தமும் சம்ப்புக்குப் போய்விடும் என்பதால் குளியலறைக் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கரண்ட் கீசர் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். ஒரு தடவை குழாயை மூடியதும் பைப்பில் 10 லிட்டர் வெந்நீர் நின்று 35 டிகிரி ஆறினால் 0.4 யூனிட் மின்சாரம் சுவரோடு போய்விட்டது. கொட்டுகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரிவதில்லை.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். முன்பு மூன்று நிமிடம் மெல்ல மெல்லச் சூடேறி வந்த தண்ணீர், இப்போது சட்டென்று ஏறுகிறது. கோடையில் சோலாரில் 70 டிகிரிக்கு மேலும் போகும். 60 டிகிரித் தண்ணீரே சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். சிங்க்குக்குக் கீழே ஆங்கிள் காக் என்கிற சின்ன வால்வைப் பாதிதான் திறந்து வைத்திருக்கிறோம், ஆனால் அது தண்ணீரின் வேகத்தைத்தான் குறைக்கும், சூட்டைக் குறைக்காது. பங்குனி தொடங்கியதும் பாதி வாளி பச்சைத் தண்ணீரைப் பிடித்த பிறகே சுடுதண்ணீரைத் திறப்பது என்று வைத்திருக்கிறோம். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில், சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டேட் மிக்சர் வால்வுக்குக் காசு பார்க்கக் கூடாது.

ஐப்பசியில் நான்கு நாள் வானம் மூடிக் கிடந்தபோது சோலாரே ஆறிவிட்டது. அதற்கு எந்த பைப்பும் பதில் சொல்லாது. அந்த நாட்களில் பழையபடி அடுப்பில் ஒரு போசி தண்ணீர் காய்ச்சி வைத்தேன்.

மற்ற நாட்களில் அம்மா சுடுதண்ணீர்க் குழாயைத் தானே திறக்கிறார். குழாய்க்குக் கீழே எப்போதும் ஒரு பழைய பித்தளைச் சொம்பு இருக்கிறது. அது இரண்டு தடவை நிரம்பி, மூன்றாவது பாதி ஏறும்போது விரலை நீட்டிப் பார்ப்பார். சூடு வந்ததும் இரண்டு கையையும் தண்ணீருக்கு அடியில் கொஞ்ச நேரம் அப்படியே காட்டிக்கொண்டு நிற்பார். அப்புறம்தான் பாத்திரத்தைத் தொடுவார். அந்தச் சொம்புத் தண்ணீரையும் அவர் கீழே கொட்டுவதில்லை. ஊற வைக்க வேண்டிய குக்கருக்குள் போய்விடுகிறது.